வராமல் போன நோயாளிகள்

பெருந்தொற்றுக் காலம் என்றதும் ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் அலைந்த கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. அதே நாட்களில் மற்ற வார்டுகள் வெறிச்சோடிக் கிடந்ததை ஏறக்குறைய மறந்தே விட்டோம். 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பதிவான வருகை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 57 சதவீதம் குறைவு. ஊரடங்கு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. 2003இல் சார்ஸ் பரவிய தைவானில் நாடு தழுவிய ஊரடங்கு கிடையாது. அங்கும் உச்சக்கட்டத்தில் உள்நோயாளிகளுக்கான சேவை 35 சதவீதம் சரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளுமோ என்ற அச்சமே பலரை வீட்டோடு நிறுத்தியது. அப்படி வராமல் போனவர்களையும் சேர்க்காமல் ஒரு பெருந்தொற்றின் பாதிப்பைக் கணக்கிடுவது பெரும் பிழை.

நோயே குறைந்திருக்கலாமே என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான். வண்டிகள் ஓடாததால் விபத்துகள் குறைந்தன; முகக்கவசத்தால் ஃப்ளூ காய்ச்சல் அடங்கியது. ஆனால் மாரடைப்பு அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் இத்தாலியின் 54 மருத்துவமனைகளில் ஒரு வாரக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்புக்காகச் சேர்ந்தவர்கள் முந்தைய ஆண்டைவிட 48 சதவீதம் குறைவு. ரத்தக்குழாய் முழுவதும் அடைபடும் கடுமையான வகையில், வந்து சேர்ந்தவர்களின் இறப்பு விகிதமோ 4.1 சதவீதத்திலிருந்து 13.7 ஆக ஏறியிருந்தது. நோயின் கொடுமை ஓராண்டில் மும்மடங்காகிவிடாது. தாமதத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. அடைப்பை நீக்கும்வரை இதயத்தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டே போகும். வாயுப் பிடிப்பு என்று சோடாவைக் குடித்துவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று படுப்பவர் இழப்பது அந்தத் தசையைத்தான்.

தேவையில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடும் வழக்கம் குறைந்தது நல்லதுதானே என்ற வாதமும் உண்டு. இதை லேசாகத் தள்ளிவிடக்கூடாது. இருபது நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மருத்துவச் சேவைப் பயன்பாடு நடுமதிப்பாக 37 சதவீதம் குறைந்திருந்தது. லேசான உபாதைகளுக்கு வருவதுதான் கூடுதலாகக் குறைந்தது. ஆனால் எது லேசானது, எது ஆபத்தானது என்று நோயாளியே வீட்டிலிருந்து எப்படிப் பிரிப்பார்? ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டியதை, அச்சத்தின் பொறுப்பில் விடுவது சிக்கனம் ஆகாது.

காசநோயில் இந்தக் கோளாறு இன்னும் ஆழமானது. இருமினாலே கொரோனா என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் இருமலையே மறைத்தவர்கள் உண்டு. காசநோயைக் கண்டறியும் ட்ரூநாட் போன்ற கருவிகளும் அவற்றை இயக்கிய ஊழியர்களும் கொரோனா பரிசோதனைக்குத் திருப்பப்பட்டார்கள். இந்தியாவில் 2019இல் 24 லட்சமாக இருந்த காசநோய்ப் பதிவு, 2020இல் 18 லட்சமாக விழுந்தது. நெருக்கடியில் ஆளையும் கருவியையும் எங்கிருந்தாவது எடுக்கத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும்தான், ஆனால் அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். 2014-15இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலாவால் இறந்தவர்கள் சுமார் 11,300 பேர். அப்போது கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் சிகிச்சை பாதியாகக் குறைந்திருந்தால், மலேரியா, காசநோய், எச்ஐவி ஆகியவற்றால் கூடுதலாக இறந்திருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ 10,600 பேர் என்று ஒரு ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே காய்ச்சல்காரர்களுக்குத் தனி வாசல், வழக்கமான சிகிச்சைக்குத் தனி ஊழியர், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, நெஞ்சுவலி என்றால் தயங்காமல் வாருங்கள் என்ற அறிவிப்பு ஆகிய நான்கும் தொற்றுத் தடுப்புத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2022இல் உலகெங்கும் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகள் 75 லட்சம் பேர். 1995இல் கண்காணிப்பு தொடங்கியது முதல் அதுவரை காணாத எண்ணிக்கை. அவர்களில் கணிசமானோர், முந்தைய இரண்டு ஆண்டுகளில் வராமல் வீட்டிலேயே இருமிக்கொண்டிருந்தவர்கள்.