செடிக்குள்ளும் மெலடோனின்!



ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சில கிணறுகளில் தண்ணீர் கரிக்கும். கடல்தான் பக்கத்தில் இல்லையே, ஏன் என்று கேட்கிறீர்களா? சபாஷ், கேட்கவேண்டிய கேள்வி!

அங்குள்ள தோல் பதனிடும் ஆலைகளுக்கு (டேனரி) வரும் பச்சைத்தோல் அழுகாமல் இருக்க, உப்பை அள்ளித் தேய்த்திருப்பார்கள். பதனிடும்போது முதலில் தோலை ஊறவைத்து அலசுவார்கள். உப்பெல்லாம் தண்ணீரோடு வந்துவிடும். பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் கலந்தது. இதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட்டது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தரவேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு லேசில் போகுமா?

மாங்காய்த் துண்டில் உப்புத் தூவினால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். உப்பு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். உப்பு மண்ணிலும் அதே கதைதான். ஈரம் இருக்கும், வேரால் உறிஞ்ச முடியாது. செடிக்குள் நுழைந்த உப்பும் சும்மா இருக்காது. செல்லுக்குள் முரட்டு ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும், இலை கருகும்.

இதுவரை புரிந்ததா? இனி, இந்த உப்பைத் தாங்கச் செடிக்கு உதவும் மெலடோனினைப் பார்ப்போம்.

இரவானதும் நம் மூளையில் சுரந்து, 'தூங்கும் நேரம்' என்று உடம்புக்குச் சொல்லும் பொருள் இது. 1958-இல் ஆரன் லெர்னர் என்ற விஞ்ஞானி இதை மாட்டு மூளையின் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். செடிகளிலும் இது உண்டு என்பது 1995-இல் தெரியவந்தது. செடியைத் தூங்கவைக்கவா? இல்லை. அந்த முரட்டு மூலக்கூறுகளை அடக்குவது அங்கே இதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

டெல்லி பல்கலைக்கழகத்தில் சூரியகாந்தி நாற்றுகளை உப்புநீரில் வளர்த்தார்கள். வேரில் மெலடோனின் கூடியிருந்தது! செடி தனக்குத் தானே மருந்து செய்துகொள்கிறது. நாமும் கொஞ்சம் கொடுத்தால்? சீனாவில் சோயா விதைகளுக்கு மெலடோனின் பூசி விதைத்தார்கள். பயிர் உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கியது. அளவு மிஞ்சினாலோ வளர்ச்சி குன்றும்.

ஒன்றை மறக்காதீர்கள். மெலடோனின் செடிக்குத் தெம்பு தரும். மண்ணிலுள்ள உப்பை எடுக்காது. புது உப்பு வயலுக்கு வராமல் தடுப்பதுதான் முதல் வேலை.

இப்போது உங்கள் முறை. இரண்டு கிண்ணங்களில் ஈரத்துணி விரித்து, பத்துப் பத்துப் பச்சைப்பயறு வையுங்கள். ஒன்றுக்கு நல்ல தண்ணீர். மற்றதற்கு, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புக் கரைத்துத் தெளியுங்கள். மூன்று நாள் முளையை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். பிறகு, முளைக்காத பயறை நன்றாகக் கழுவி, நல்ல தண்ணீரில் வையுங்கள். எத்தனை எழுந்திருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள், கண்ணுகளா!