வீட்டுத் தரவுப் பெட்டியும் அதன் பணிசெயல் முறைமையும்

வீட்டிலுள்ள பல கணினிகளும் கைத்தொலைபேசிகளும் தத்தம் படங்களையும் பத்திரங்களையும் ஓரிடத்தே சேர்த்து வைப்பதற்கென ஒரு சிறு பெட்டி விற்கப்படுகிறது. வலையமைப்புத் தேக்ககம் என்பது நூல்வழக்கு. கடைக்காரர் 'நாஸ்' என்பர். தடித்த அகராதி ஒன்றை நிமிர்த்தி வைத்தாற் போன்ற தோற்றம். பின்புறத்தே மின்கம்பி ஒன்று, வலையமைப்புக் கம்பி ஒன்று. முகப்பிலே ஒரு சிறு விளக்கு. வாங்கியவர் அதனை வெறும் வன்றட்டு என்றே கருதி, அலுமாரியின் மேல் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்.

ஆயின் அது வன்றட்டு மாத்திரம் அன்று. திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு முழுக் கணினி. செயலியும் நினைவகமும் அதனுள் உண்டு. அவற்றை ஆளும் பணிசெயல் முறைமை, அதாவது இயங்குதளமும் உண்டு. கோவைகளை எவருக்குக் கொடுக்கலாம், எவருக்கு மறுக்கலாம் என்று தீர்ப்பது இந்த முறைமையே. பெட்டி வாங்கியவருக்குச் சொந்தம். உள்ளே அமர்ந்து வாசலைக் காக்கும் முறைமையோ உற்பத்தியாளரின் சொற்படி நடப்பது. உற்பத்தியாளர் காலந்தோறும் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருக்கும் வரை இந்த ஏற்பாட்டிற் குறையில்லை. அவர் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

அதற்கு விடை 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கிடைத்தது. அமெரிக்க நிறுவனமாகிய வெஸ்டர்ன் டிஜிட்டல் 2010ஆம் ஆண்டில் 'மை புக் லைவ்' என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டிருந்தது. அதற்குரிய இறுதித் திருத்தம் 2015இல் வெளிவந்தது. அதன்பின் ஆறாண்டுகள் அப்பெட்டிகள் ஓசையின்றி உழைத்தன. பின்பு, 2021 ஜூன் 23ஆம் திகதியளவில், பல நாடுகளிலுமுள்ள உரிமையாளர்கள் தம் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது உறைகள் வெறுமையாய்க் கிடந்தன. குழந்தைகளின் படங்கள், தொழிற் கணக்குகள், ஆண்டுக்கணக்கிற் சேர்த்தவை யாவும் போயின. எவரோ இணையத்தின் வழியே, தொழிற்சாலை நிலைக்கு மீளமைக்கும் கட்டளையைப் பெட்டிகளுக்கு அனுப்பியிருந்தனர். பெட்டிகளும் கடவுச்சொல் கேளாமலே கீழ்ப்படிந்தன.

கேளாமல் விட்டதன் காரணம் அறியத்தக்கது. 2011 ஏப்ரிலில் அந்நிறுவனத்தார் தம் மென்பொருளைச் சீரமைத்தபோது, 'இவர் உரிமையாளர்தாமா' என்று சோதிக்கும் பகுதிகளைப் பல கோவைகளினின்றும் எடுத்து ஒரே கோவையிற் சேர்த்தனர். மீளமைக்கும் கட்டளைக்குரிய பழைய சோதனை நீக்கப்பட்டது. புதிய இடத்தில் அதனைச் சேர்க்க மறந்தனர். பழைய பூட்டைக் கழற்றியவர் புதிய பூட்டை மாட்டாமலே போய்விட்டார் எனலாம். முழு அதிகாரத்தையும் பிறர் கைப்பற்ற இடந்தந்த வேறொரு துவாரம் 2018இலேயே வெளிப்பட்டிருந்தது. ஆயினும் ஆதரவுக் காலம் முடிந்த பொருளாதலின் திருத்தம் வரவில்லை. பெட்டியை இணையத்தினின்றும் துண்டிக்குமாறு 2021இல் நிறுவனம் அறிவித்தது. பின்னர் இழந்த தரவை மீட்டுத் தரும் சேவையையும், பழைய பெட்டிக்குப் புதியதை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் வழங்கியது. அதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெட்டியின் உள்ளே இருந்த முறைமை முற்றிலும் புதிய சிருஷ்டி அன்று. டெபியன் என்னும் பொது லினக்ஸ் முறைமையின் 5ஆம் பதிப்பே அதன் அடித்தளம். அப்பதிப்புக்கு டெபியன் குழுவினர் அளித்து வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2012 பெப்ரவரியில் முடிவுற்றன. இரும்பும் செம்பும் பழுதின்றி இருக்க, ஆணையிடும் எழுத்துகளே முதலில் மூப்படைந்தன. அவ்வாறாயின் எழுத்துகளை மட்டும் மாற்றினால் என்ன?

இம்முயற்சி புதிதன்று. லின்க்சிஸ் நிறுவனம் 2004இல் 'என். எஸ். எல். யூ. 2' என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. 32 மெகாபைற் நினைவகம், 8 மெகாபைற் நிலைநினைவகம், அவ்வளவே. ஆர்வலர்கள் அதனுள் தம் முறைமையைப் புகுத்தினர். 266 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஓடவல்ல செயலி 133இல் ஓடுமாறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டு, ஒரு சிறு மின்தடையைக் கழற்றி அக்கட்டையும் அவிழ்த்தனர். மாட்டின் மிக்கில்மயர் போன்றோரின் உழைப்பால், 2007இல் வெளிவந்த டெபியன் 4ஆம் பதிப்பு அப்பெட்டியை ஏற்றுக்கொண்டது.

மாற்றத் துணிபவர் முதலில் அறிய வேண்டியது, முறைமை எங்கே குடியிருக்கிறது என்பதாகும். எந்தக் கணினியிலும் மின்சாரம் வந்தவுடன் விழிப்பது ஒரு தொடக்க நிரல். அதுவே முறைமையைத் தேடியெடுத்து நினைவகத்தில் ஏற்றுகிறது. லின்க்சிஸ் பெட்டியில் தொடக்க நிரலும் முறைமையும் ஒரே நிலைநினைவகத்தில் அடுத்தடுத்து வாழ்ந்தன. கை தவறித் தொடக்க நிரலை அழித்தவருக்குப் பெட்டி வெறுங் கல்லாயிற்று. மை புக் லைவில் அமைப்பு வேறு. 'யூ-பூட்' என்னும் தொடக்க நிரல் மின்பலகையிலுள்ள சில்லில் இருக்கிறது. முறைமையோ வன்றட்டிலேயே எழுதப்பட்டுள்ளது. ஆகவே மாற்றுவேலை பிழைத்தாலும் வன்றட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்து, மீண்டும் எழுதலாம். யூ-பூட்டைத் தொடாதிருக்கும்வரை பெட்டிக்கு உயிராபத்து இல்லை.

ஆபத்து பெட்டிக்கன்று, தரவுக்கே. புதிய முறைமையின் உருவக்கோவை வன்றட்டின் தொடக்கத்திலிருந்து எழுதப்படும். தட்டின் பகுதிகளைக் குறித்து வைத்திருக்கும் அட்டவணையும் அங்கேதான் உள்ளது. ஆதலின் பழைய பகுதிகள் அனைத்தும் அழிந்தனவாகவே கொள்ளல் வேண்டும். சரி, தட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்து முதலிற் பிரதி எடுத்துக்கொள்ளலாமே என்று நேயர்கள் கருதக்கூடும். பலரையும் திகைக்க வைத்த இடம் இதுவே. இப்பெட்டி தன் தரவை 64 கிலோபைற் அளவுள்ள கட்டங்களாகப் பிரித்து எழுதுகிறது. வழக்கமான மேசைக் கணினியின் லினக்ஸ் 4 கிலோபைற் கட்டங்களுக்குப் பழகியது. இத்தட்டை இணைத்தால் அதனைத் திறக்கப் பொதுவாக மறுத்துவிடும். தட்டில் ஒரு குறையும் இராது. ஆயினும் அது பழுதாயிற்றென்று அஞ்சி வடிவமைத்து, உள்ளதையும் இழப்பதற்கு வழி உண்டு. இத்தகைய தட்டைப் படிக்கவல்ல தனி மென்பொருள்கள் உள்ளன. எனினும் எளிய வழி, இணையத் தொடர்பைக் கழற்றிவிட்ட வலையமைப்பில் பெட்டியை இறுதியாக ஒருமுறை இயக்கி, அதன் பழைய முறைமையின் கையாலேயே எல்லாவற்றையும் வேறொரு வன்றட்டுக்கு மாற்றிக்கொள்வதாகும். மாற்றிய கோவைகளிற் சிலவற்றையேனும் திறந்து பார்த்தல் நன்று. பெயர் மட்டும் வந்து உள்ளடக்கம் வராத கோவை பிரதி ஆகாது.

இனி எதனை ஏற்றுவது? டெபியனின் புதிய பதிப்பே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் இப்பெட்டியின் செயலி பவர்பீசீ இனத்தது. 2017இல் வந்த 9ஆம் பதிப்போடு டெபியன் அவ்வினத்தைத் தன் முறையான வெளியீட்டினின்றும் நீக்கிவிட்டது. எஞ்சுவது ஓப்பன் டபிள்யூ. ஆர். ரி. என்னும் முறைமை. இணைய வழிப்படுத்திகளுக்கென எழுந்த இந்த லினக்ஸ், மை புக் லைவ் பெட்டிகளுக்கெனவும் உருவக்கோவை வெளியிட்டு வந்துள்ளது. அளவிற் சிறியதாதலால் பெட்டியின் 256 மெகாபைற் நினைவகம் அதற்கு மிகையே. ஆயின் கோவைகளைப் பகிரும் சேவையை உரிமையாளரே நிறுவ வேண்டும். தரவுக்குரிய பகுதியைத் தாமே வகுக்க வேண்டும். கடவுச்சொல்லையும் தாமே இட வேண்டும். வெளியூரிலிருந்து கைத்தொலைபேசியிற் படம் பார்க்கும் நிறுவன வசதி இராது. அவ்வசதிக்கெனத் திறந்த வாசலே இத்தனைக்கும் காரணம் என்பதை நினைத்தால் அதனைப் பெரிய இழப்பென்று கொள்வதற்கில்லை.

முறைமை புதிதானாலும் வன்றட்டு பழையதே. ஓய்வின்றிப் பத்தாண்டு சுழன்ற தட்டு ஏறத்தாழ 87,600 மணித்தியாலம் உழைத்திருக்கும். அக்கணக்கையும், பழுதுற்று ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கையையும் தட்டு தானே பதிந்து வைத்திருக்கிறது. அவ்வெண்ணிக்கை ஏறிக்கொண்டே போகுமாயின் அத்தட்டின்மேல் எதனையும் எழுதாது, புதிய வன்றட்டு ஒன்றைப் பெட்டியிற் பொருத்தி, முறைமையை அதன்மேல் எழுதிக்கொள்வதே தக்கது.