பட்டறையில் பிழை பிறக்கும் இடங்கள்

தர்மபுரியிலிருந்து பாலக்கோட்டுக்கோ அரூருக்கோ போகும் சாலையோரத்தில் வெல்டிங் பட்டறைகளைப் பார்க்கலாம். ஒன்றில் வீட்டு கேட், இன்னொன்றில் டிராக்டர் ட்ரெய்லர், வேறொன்றில் பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கான அடுக்குச் சட்டங்கள். இன்று செய்த அளவு நாளை வராது; வருகிற ஒவ்வொருவரின் வாசலும் வேறு, தேவையும் வேறு.

பெரிய ஆலை ஒரே பொருளைப் பல்லாயிரம் முறை செய்கிறது. முதல் நூறில் வரும் பழுது அடுத்த நூறைத் திருத்திவிடும். ஒற்றைப் பொருள் செய்யும் பட்டறைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் பொருள் எதுவானாலும் அளப்பது, வெட்டுவது, பொருத்துவது, பற்றவைப்பது என்ற படிகள் மாறுவதே இல்லை. கேட் பூட்டாமல் போகும் நாளில் கண்ணில் படுகிற பிழை, இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் என்றோ பிறந்தது.

முதலில் டேப்பை எடுத்துக்கொள்வோம். அதன் நுனிக் கொக்கி லேசாக ஆடும். பழுது என்று நினைத்து அதைத் தட்டி இறுக்குபவர்கள் உண்டு. ஆட வேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள்! கொக்கித் தகடு எவ்வளவு தடிமனோ சரியாக அவ்வளவு தூரம்தான் அது நகரும். வெளி விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும்; சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரண்டு விதத்திலும் தகட்டின் தடிமன் கணக்கில் தானாகக் கழிந்துவிடுகிறது. இறுக்கிய டேப்போ இரண்டில் ஒரு விதத்தில் ஏறக்குறைய 1 மி.மீ. பொய் சொல்லும்.

அடுத்தது கட்டிங் வீல். அதன் தடிமன் சுமார் 3 மி.மீ. 6 மீட்டர் குழாயை எட்டாகப் பிரித்து, ஒரேயடியாகக் கோடுகள் போட்டு வெட்டினால், ஏழு வெட்டுகளில் 21 மி.மீ. இரும்பு தூளாகப் போகிறது. எட்டுத் துண்டுகளும் கேட்ட அளவுக்குக் குறைவாகவே வரும். ஒரு துண்டை வெட்டிய பிறகே அடுத்ததை அளக்க வேண்டும்; அதைவிட நல்லது, ஒரு தடுப்பை நிறுத்தி எல்லாத் துண்டுகளையும் அதில் முட்டவைத்து வெட்டுவது. அளக்கும் வேலை ஒருமுறையோடு முடிகிறது.

சட்டத்தைக் கூட்டும்போது மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது வழக்கம். 1,200 மி.மீ. அகலம், 2,100 மி.மீ. உயரமுள்ள கேட் ஒன்று மேலே 5 மி.மீ. சாய்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். 15 செ.மீ. கை உள்ள மூலைமட்டத்தில் அந்தக் கோணல் மூன்றில் ஒரு மி.மீ. இடைவெளியாகத்தான் தெரியும், யார் கண்ணுக்கும் தப்பிவிடும். மூலைக்கு மூலை டேப்பைக் குறுக்காகப் பிடித்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தாலோ, அவற்றின் வித்தியாசம் ஏறக்குறைய அதே 5 மி.மீ. வரும். பிழையை 14 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் இந்தக் கருவிக்குத் தனிச் செலவே இல்லை. பட்டறைக் கணிதத்தில் இதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் கேட் முறுக்கிக்கொள்வதுண்டு. வெல்டிங் ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே பாயும் மின்வில்லின் வெப்பம் சூரியனின் மேற்பரப்பை ஒத்தது. இரும்போ சுமார் 1,500 டிகிரியில் உருகிவிடும். உருகி இறுகிய கோடு ஆறும்போது, தடுக்க ஆளில்லாவிட்டால், மீட்டருக்கு ஒன்றரை செ.மீ.க்கும் மேல் சுருங்கும். பக்கத்திலுள்ள குளிர்ந்த இரும்பு அதை விடுவதில்லை. அந்த இழுபறியில் சட்டம் வளைகிறது. வளைய முடியாவிட்டால் விசை உள்ளுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதை எச்ச இறுக்கம் என்று சொல்லலாம். எனவேதான் தேர்ந்த கைகள் நான்கு மூலையிலும் முதலில் டாக் எனும் சிறு பொட்டு வெல்டு வைத்து, மூலைவிட்டங்களை மறுபடி அளந்து, பிறகு எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிப் பற்றவைக்கின்றன. ஒரு பக்கத்து இழுப்பை மறுபக்கத்து இழுப்பு ஈடுகட்டும். எந்தப் பக்கம் வளையும் என்று தெரிந்து, முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சிறிது சாய்த்துவைப்பதும் உண்டு.

ராடின் மேலுள்ள சாம்பல் நிறப் பூச்சு தனி அதிசயம். எரியும்போது வாயுவை வெளியிட்டு, உருகிய இரும்பைக் காற்று அண்டாமல் காக்கிறது. மிச்சம் கசடாக மிதந்து போர்வை போல மூடுகிறது. ஆனால் மழைக்காலத்தில் அந்தப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் மின்வில்லில் உடைந்து ஹைட்ரஜன் ஆகிறது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. திட இரும்புக்குள்ளேயே ஊர்ந்து போகும். தடிமனான, கடினமான எஃகில் அது சேர்ந்து விரிசலை உண்டாக்குகிறது. அதுவும் உடனே அல்ல. சில மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து! மாலையில் பார்த்துத் தேறிய ட்ரெய்லர் இழுகட்டை மறுநாள் விரிசல் விட்டிருக்கலாம். குறை ஹைட்ரஜன் ராடுகளை 300 டிகிரிக்கு மேல் சுட்டு உலர்த்திய பிறகே பயன்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். திருச்சி பெல் நிறுவனத்தில் 1975 முதல் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது என்றால், இந்த ஒரு கோட்டுக்குள் எவ்வளவு அறிவியல் அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வெல்டில் பிறக்கும் விரிசல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கப்பலே சாட்சி. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில், சோதனை ஓட்டம் முடித்துக் கரையோரம் அமைதியான நீரில் நின்ற ‘ஸ்கெனெக்டடி’ என்ற எண்ணெய்க் கப்பல் பெரும் சத்தத்தோடு ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. பழுதான ஒரு வெல்டில் தொடங்கிய விரிசல், குளிரில் நொறுங்கக்கூடிய எஃகு வழியே பாய்ந்திருந்தது.

வெல்டில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைக் கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. தொட்டி செய்தால், வெல்டின் ஒரு பக்கம் சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். நீரைவிட மண்ணெண்ணெயின் பரப்பு இழுவிசை மிகக் குறைவு. தண்ணீர் தயங்கும் துளையிலும் அது நுழைந்துவிடும். எங்கே ஓட்டை உண்டோ அங்கே வெள்ளைப் பூச்சில் ஈரக்கறை தோன்றும். ஊருக்கு அனுப்பித் தண்ணீர் நிரப்பும் முன்பே ஒழுகும் இடம் தெரிந்துவிடுகிறது.

மறதியும் ஒரு பிழைதான். 1961-இல் ஜப்பானில் யமாடா எலெக்ட்ரிக் ஆலையில் சுவிட்சுகளுக்குள் இரண்டு ஸ்பிரிங்குகளை வைக்கும் வேலையில் சில நேரம் ஒன்று விட்டுப்போனது. கவனமாக இருங்கள் என்று எத்தனை முறை சொல்லியும் பலனில்லை. ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் ஒரு சிறு தட்டை வைத்தார். முதலில் தட்டில் இரண்டு ஸ்பிரிங், பிறகு சுவிட்சில். வேலை முடிந்தும் தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அப்போதே தெரியும்.

நம் பட்டறையில் அந்தத் தட்டு, தரைதான். கேட்டின் முழு வடிவத்தையும் சாக்கட்டியால் தரையில் அதே அளவில் வரைந்து, வெட்டிய துண்டுகளைக் கோட்டின் மேல் அடுக்கினால், குறைந்த கம்பியும் குட்டையான கம்பியும் முதல் டாக் வைப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் திருத்த ஒரு வெட்டு போதும். பெயின்ட் அடித்து, வண்டியில் ஏற்றி, வாசலில் நிறுத்திய பிறகு தெரிந்தால் கிரைண்டர், மறு வெல்டிங், மறு பெயின்ட், இரண்டு பயணம்.