எம். பழனிக்குமார்

எம். பழனிக்குமார் மதுரையைச் சேர்ந்த ஆவண ஒளிப்படக் கலைஞர் ஆவார். உழைக்கும் மக்கள், தூய்மைப் பணியாளர்கள், அவர்களின் பிள்ளைகள் ஆகியோரின் வாழ்க்கையைப் பதிவு செய்து வருகிறார்.

இளமை

மதுரை அருகேயுள்ள ஜவகர்லால்புரத்தில் வளர்ந்தார். இவருடைய தாயார் கரிமேடு மீன் சந்தையில் மீன் வாங்கி விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். பொறியியல் படித்த பழனிக்குமார், பின்னர் ஒளிப்படத் துறையைத் தேர்ந்தெடுத்தார். தாயாரின் அன்றாட உழைப்பையும் படங்களாக்கியுள்ளார்.

பணிகள்

மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் இயற்றப்பட்ட பின்பும் கழிவுநீர்த் தொட்டிகளில் உயிரிழப்புகள் தொடர்ந்தன. இதைப் பேசும் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்திற்கு இவர் ஒளிப்பதிவு செய்தார். நச்சு வாயுவால் இறப்பவர் செய்தியில் பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகவே முடிந்துவிடுகிறார். இவரது படங்களோ அவர் விட்டுச்சென்ற மனைவி, பிள்ளைகளின் முகங்களைக் காட்டுகின்றன. ‘நானும் ஒரு குழந்தை’ என்ற கண்காட்சி இத்தகைய பிள்ளைகளைப் பற்றியது.

பயிற்சி

சென்னை வியாசர்பாடி போன்ற பகுதிகளின் பிள்ளைகளுக்கு ஒளிப்படக் கலை கற்பிக்கிறார். வெளியிலிருந்து வருபவர் வறுமையையோ குற்றத்தையோ மட்டும் தேடிப் படம்பிடிக்கக்கூடும். அங்கேயே வளரும் இளைஞர் தம் விளையாட்டையும் நட்பையும் வீட்டையும் சேர்த்தே பதிவு செய்ய முடியும். யாரை எப்படிக் காட்டுவது என்ற முடிவு அப்போது அவர்கள் கைக்கு வருகிறது.

சிறப்பு

ப. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ இணையத்தளத்தின் ஒளிப்படக் கலைஞரான இவர், 2022-இல் முதலாவது தயானிதா சிங் – பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றார்.