வண்ண மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் உத்திரமேரூர் வட்டாரத்தில் வண்ண மீன் வளர்ப்போர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "மீன் மேல் ரவையைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி கண்டிருக்கிறது. நேற்று இரண்டு செத்தது, இன்று ஐந்து. என்ன மருந்து ஊற்றலாம்?" என்பார்கள். வீட்டுக் கூடத்தில் அழகுக்காக ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவருக்கு இது மனவருத்தம். கொல்லையில் நாலு சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் குஞ்சுகளைத் தேற்றிச் சென்னைக் கொளத்தூர் வியாபாரிகளுக்குக் கொடுக்கும் குடும்பத்துக்கோ, இது அந்த மாத வரும்படியே போய்விடுகிற விஷயம்.

மருந்துக்கு ஓடுமுன் நீரைக் கவனிக்க வேண்டும். மீன் நோய்களில் பெரும்பகுதி நீர் கெட்டதனால் வருபவை, அல்லது நீர் கெட்டு மீன் தளர்ந்த சமயம் பார்த்து வருபவை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீவனத்திலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. இதை மாற்றித் தீங்கற்றதாக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் தொட்டி நிறைய மீனை விட்டால் செவுள் வெந்து, மீன் நீர்ப்பரப்பில் வாயைப் பிளந்து நிற்கும். ஆழ்குழாய்க் கிணற்று நீரை இறைத்த சூட்டோடு விடுவதும் தவறு. அந்நீரில் பிராணவாயு மிகக் குறைவு. ஓர் இரவு திறந்த தொட்டியில் நிறுத்தி, காற்றடித்த பிறகே பயன்படுத்த வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீருக்கும் ஒரு நாள் பொறுக்க வேண்டும்.

இனி வெண்புள்ளி நோய்க்கு வருவோம். இது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரணு ஒட்டுண்ணியால் வருகிறது. நாம் காணும் வெள்ளைப் புள்ளி, மீனின் தோலுக்கடியில் புகுந்து கொழுத்த ஒட்டுண்ணி. கொழுத்ததும் அது தோலைக் கிழித்துக்கொண்டு கீழே விழுந்து, தொட்டியின் அடியில் உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள்ளே பிளந்து பிளந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிப் பின்னர் வெளிவந்து நீந்தும். ஏறக்குறைய இரண்டு நாளைக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை மாண்டுபோகும்.

இதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. தோலுக்குள் இருக்கும்போதும் உறைக்குள் இருக்கும்போதும் மருந்து அதை எட்டாது. வெளிவந்து நீந்தும் அந்தக் குறுகிய காலத்தில்தான் அதைக் கொல்ல முடியும். முதல் நாள் மருந்திட்டு, மூன்றாம் நாள் புள்ளி மறைந்ததும் "நோய் தீர்ந்தது" என்று விட்டுவிடுகிறார்கள். தீரவில்லை, விதைத்திருக்கிறது. அடுத்த வாரம் முன்னிலும் பத்து மடங்காக முளைக்கும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரம் சிகிச்சையைத் தொடர்வது அவசியம்.

கோடையில் இந்நோய் அதிகம் தென்படாததற்கும் காரணம் உண்டு. நீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸை எட்டினால் இந்த ஒட்டுண்ணியின் பெருக்கம் தடைப்படுகிறது. மழைக்கால இரவில் திறந்த தொட்டி சட்டென்று குளிர்ந்தால் மீன் தளரும், நோய் ஏறும். கண்ணாடித் தொட்டிக்குச் சிறு வெப்பமூட்டி வாங்கி, மணிக்கு ஒரு டிகிரிக்கு மேற்படாமல் 30 வரை உயர்த்தலாம். வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றக் கூடாது. சூடான நீரில் பிராணவாயு குறைவாகவே கரையும் என்பதால் காற்று பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். வெளியே உள்ள சிமெண்ட் தொட்டிகளை மழை நாளில் இரவு நேரம் தார்ப்பாயால் மூடிவைப்பதே பாதி வைத்தியம்.

மருந்துகளில் மலிவானதும் ஆபத்துக் குறைந்ததும் கல் உப்புதான். நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். ஆகையால் செவுள் வழியே நீர் ஓயாமல் உள்ளே ஊறும், மீன் ஓயாமல் அதை வெளியேற்றும். நோயுற்ற மீனுக்கு இந்த வேலையே பெரும் சுமை. நீரில் சிறிது உப்பிருந்தால் சுமை குறைகிறது, நீந்தும் ஒட்டுண்ணிக் குஞ்சும் வாடுகிறது.

லிட்டருக்கு 2 கிராம் போதுமானது. தொட்டியின் நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும். 60 க்கு 30 தொட்டியில் நீர் 30 சென்டிமீட்டர் நின்றால் 54 லிட்டர். இதற்கு 108 கிராம் உப்பு. அதைத் தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக விட வேண்டும். அன்றாடம் கால் பங்கு நீரை, அடியில் படிந்த கசடோடு ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பது மிக முக்கியம். உறைகள் அங்கேதான் கிடக்கின்றன. எடுத்த 13.5 லிட்டருக்கு ஈடாக ஊற்றும் புது நீருக்கு 27 கிராம் உப்பு மட்டுமே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு அளவைக் கொட்டி மீனை உப்புக்கண்டம் போட்டவர்களும் உண்டு! ஆவியாகிக் குறைந்த நீருக்கு உப்பே வேண்டாம், ஏனெனில் உப்பு ஆவியாவதில்லை. கப்பி, மோலி வகைகள் உப்பை நன்றாகத் தாங்கும். செதிலற்ற கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவே இடுதல் நலம்.

மீன் தொட்டிச் சுவரில் உடம்பைத் தேய்த்து ஓடினால் பேன் இருக்கிறதா என்று பார்க்கவும். மீன் பேன் தட்டையாக, கண்ணாடி போல ஒட்டியிருக்கும். நங்கூரப் புழு நூல் போலத் தொங்கும். குளத்து மீன், குளத்துச் செடியோடு இவை வந்துசேர்கின்றன. மீனை ஈரத்துணியில் பிடித்து, சிறு இடுக்கியால் எடுத்துவிடலாம். செதில்கள் பலாப்பழத்து முள் போலச் சிலிர்த்து வயிறு ஊதிய மீன் தேறுவது அரிது. அதைப் பிரித்துவிடுவது மற்ற மீன்களுக்கு நல்லது. ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தூவும் வழக்கம் பெருகிவருவது கவலைக்குரியது. வியாதி இன்னதென்று அறியாமல் இடும் மருந்து, கசடை மாற்றும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்று நீரை மேலும் கெடுக்கும்.

நெல் வயலை ஒட்டித் தொட்டி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பைரித்திராய்டு வகைப் பூச்சிமருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. பக்கத்து வயலில் தெளிக்கும் நாளில் தொட்டியை மூடுங்கள். தெளிப்பானைக் கழுவிய வாளியால் தொட்டிக்கு நீர் மொள்ளாதீர்கள். கொசுவர்த்தியிலும் பெரும்பாலும் இதே வகை மருந்துதான். அது புகையும் அறையில் காற்று பம்பு வைத்தால் அந்தப் புகை நேராக நீருக்குள் போகும். காரணமின்றி ஒரே இரவில் எல்லா மீனும் செத்தால் முதலில் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

புதிதாக வாங்கும் மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்திருங்கள். அதற்கென்று தனி வலையும் வேண்டும். வலையை வெயிலில் நன்கு காயவைப்பதும் ஒரு வைத்தியமே. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொட்டிக்குள் கை விடலாகாது. மீனின் காசநோய்க் கிருமி மனிதர் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

செத்த மீனையும் தொட்டி நீரையும் ஏரியில் கொட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பராந்தக சோழன் காலத்திலேயே, 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில், ஏரி வாரியம் வைத்து ஏரியைக் காத்த ஊர் உத்திரமேரூர். ஏரியின் விராலுக்கு நாம் நோயைக் கொடுத்தால் மீன்பிடித்துப் பிழைக்கிறவர் வயிற்றில் அடித்ததாகும். 1988 இல் வடகிழக்கு இந்தியாவில் தலைகாட்டி, 1991 வாக்கில் கேரளம் வரை இறங்கிய புண் நோய் விராலையும் கெண்டையையும் வதைத்ததை மீன்துறையினர் மறக்கவில்லை. அழகுக்கு வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளுத்தி பெருத்துவிட்டதென்று ஏரியில் விட்டதன் பலனைத் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இன்று பார்க்கிறோம். செத்ததைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்கவும். நீரைத் தென்னை மரத்துக்கு விடலாம், உப்பிட்ட நீரைத் தவிர.

சாவு நிற்கவில்லையானால் மாதவரத்தில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழக வளாகத்தின் நோயறி கூடத்துக்குக் கொண்டுசெல்லலாம். செத்து நாறிய மீனால் பயனில்லை. நோயுற்று, இன்னும் உயிருடன் உள்ள மூன்று, நான்கு மீன்களை அதே தொட்டி நீரோடு, மூன்றில் ஒரு பங்கு நீரும் மீதி பிராணவாயுவுமாக நிரப்பிய பாலிதீன் பையில் கட்டி, காலை வெயில் ஏறுமுன் எடுத்துச் செல்லவும். தொட்டி நீரை மட்டும் ஒரு சுத்தமான புட்டியில் தனியாகவும், இதுவரை இட்ட மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதியும் கூடவே கொண்டுபோக வேண்டும்.