கரியின் பிடிப்பும் வெப்பமும்

1915 ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கருகே ஜெர்மானியப் படையினர் குளோரின் வாயுவை ஏவினர். அதன் பின்னர் உருவான நச்சுவாயு முகமூடிகளில் பதப்படுத்திய மரக்கரி முக்கிய இடம் பெற்றது. நுண்துளைகள் செறிந்த இக்கரியின் ஒரு கிராமில் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர், பரப்பு அடங்கியிருக்கக்கூடும். வாயு மூலக்கூறுகள் இப்பரப்பில் ஒட்டி நிற்பதே பரப்புக் கவர்ச்சி எனப்படும்.

கட்டின்றித் திரியும் மூலக்கூறு பரப்பில் ஒடுங்கும்போது அதன் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, குறைகிறது. இக்குறைவை ஈடு செய்ய வெப்பம் வெளிப்பட்டாக வேண்டும். வெளிப்படும் வெப்பம் மிகுந்தால் பிடிப்பு உறுதியாகும். சூழ்ந்துள்ள வெப்பநிலை உயர்ந்தால் அது தளரும்.

பொதுவாக, எளிதில் திரவமாகும் வாயுக்களே கரியில் நன்கு தங்கும். குளோரின் −34° சென்டிகிரேடில் கொதிக்கிறது. கார்பன் மோனாக்ஸைடோ −191° அளவிலேயே கொதித்துவிடும். எனவே, சாதாரண வெப்பநிலையில் பின்னது கரியைக் கடந்து சென்றுவிடுகிறது. மணமும் நிறமுமற்ற இவ்வாயு சுரங்கத் தீ விபத்துக்களில் பலரை மாய்த்துள்ளது. ஆதலின், கரி முகமூடியை மட்டும் நம்பிப் புகைக்குள் நுழைதல் ஆகாது. மாங்கனீஸ் டையாக்ஸைடும் தாமிர ஆக்ஸைடும் கலந்த ஹாப்கலைட் இதனைக் கார்பன் டையாக்ஸைடாக மாற்றவல்லது; ஆயினும், ஈரம் பட்டால் அதன் திறன் கெடும். பிராணவாயு குன்றிய இடத்திலோ, காற்றைத் தன்னுள் கொண்ட சுவாசக் கருவியே உயிர் காக்கும்.