தாய்க்குத் தரும் சத்து சேய்க்கு எப்படிச் சேருகிறது?

அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் 2024 நவம்பர் 15 அன்று ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். எடை மிகக் குறைந்த குழந்தைக்கு 6 மாதம் நிறையவில்லை என்றால், இத்திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகம் தாய்க்குத்தான் வழங்கப்படுகிறது. சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சை, நெய் எல்லாம் தாய் சாப்பிடுவதற்கு.

மெலிந்தது பிள்ளை, சத்து தாய்க்கா? பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் பாட்டிமார் கேட்கக்கூடிய கேள்விதான். பால் நன்றாக ஊற வேண்டும் என்பது நமக்குத் தெரிந்த பதில். குழந்தையின் குடலில் குடியேறும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வுகள் அதற்கு இன்னொரு காரணத்தையும் சேர்த்திருக்கின்றன.

முதலில் வருவது யார்?

சுகப்பிரசவத்தில் தாயின் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் குழந்தைக்கும் வந்துசேர்கின்றன. பிரிட்டனில் 596 குழந்தைகளை வைத்து நடந்து, 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, சிசேரியனில் பிறந்தவர்களிடம் தாய்வழி பாக்டீரியாக்கள் குறைவாகவும், மருத்துவமனைச் சூழலில் காணப்படும் கிருமிகள் கூடுதலாகவும் இருந்ததைக் காட்டியது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். இந்திய சராசரி 21.5.

இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல இந்த வேறுபாடு குறைந்துவிடும். தாயையோ சேயையோ காப்பாற்றத் தேவைப்படும் அறுவைச் சிகிச்சையை இதற்காகத் தள்ளிப்போடவே கூடாது. சிசேரியன் ஆன தாய் சீக்கிரம் பாலூட்ட உதவி செய்வதுதான் முக்கியம்.

பாலில் பாக்டீரியாவுக்கும் பங்கு

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்தபடி அதிகம் இருப்பவை ஒலிகோசாக்கரைடு எனும் சர்க்கரைகள். குழந்தையால் இவற்றைச் செரிக்க முடியாது. பெருங்குடல் வரை அப்படியே போய், ‘பிஃபிடோபாக்டீரியம்’ வகை பாக்டீரியாக்களுக்கு இரையாகின்றன. அவை வெளியிடும் அமிலங்கள், நோய்க்கிருமிகள் பெருகவிடாமல் தடுக்கின்றன. சீம்பாலில் நிறைந்துள்ள ‘ஐஜிஏ’ எதிர்ப்புப் புரதமும் குடற்சுவருக்குக் காவல்.

தாயின் உடல்நிலையும் இந்தச் சர்க்கரைகளும் தொடர்புடையவையா? ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகளின் தாய்மாரது பாலில் ஒருவகை ஒலிகோசாக்கரைடு குறைவாக இருந்தது. காரணம் இதுவே என்று அதைக் கொண்டு மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், சேயின் வளர்ச்சியைத் தாயிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அது உணர்த்துகிறது.

இத்தனை மதிப்புள்ள தாய்ப்பாலைக் கொடுப்பதில்தான் நாம் கோட்டைவிடுகிறோம். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். ஆனாலும், அதே குடும்பநல ஆய்வின்படி (2019-21) பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60.2 சதவீதம், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் 55.1 சதவீதம். சேனை வைப்பதாக நாக்கில் தடவும் தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கிருமிக்கு வழி திறந்துவிடக்கூடியவை.

ஒடிசாவும் டாக்காவும்

குடல் பாக்டீரியாவைக் கொண்டு நோயைத் தடுக்க முடியுமா என்பதை மருத்துவர் பினாகி பாணிக்கிரஹி குழுவினர் ஒடிசா கிராமங்களில் சோதித்தார்கள். தாய்ப்பால் குடிக்கும் 4,556 பச்சிளங்குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, ‘லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம்’ பாக்டீரியாவை அதற்கு இரையாகும் சர்க்கரையுடன் 7 நாள் கொடுத்தார்கள். அடுத்த இரு மாதங்களில் ரத்த நச்சுத்தொற்று அல்லது மரணம் நேர்ந்தவர்கள் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017இல் வெளியான இந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது.

6 மாதத்துக்குப் பிறகு இணை உணவின் முறை. டாக்காவில் ஆய்வாளர் தஹ்மீத் அகமதும் அமெரிக்க ஆய்வாளர் ஜெஃப்ரி கார்டனும் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் கலந்த உணவு ஒன்றை உருவாக்கினார்கள். வளர்ச்சி பின்தங்கிய குடல் பாக்டீரியாக்களை மீட்பது நோக்கம். 12 முதல் 18 மாத வயதுள்ள மெலிந்த குழந்தைகளுக்கு 3 மாதம் கொடுத்தபோது, கலோரி கூடுதலாக உள்ள வழக்கமான சத்துணவைவிட இதில் எடை நன்றாக ஏறியதாக 2021இல் அறிவித்தார்கள்.

பட்டியலில் உள்ளவை நம் ஊர்ச் சந்தைப் பொருட்கள்தாம். ஆனால், டாக்காவில் கொடுத்தது அளவு பார்த்துத் தயாரித்த உணவு. வாழைக்காயும் கடலையும் சேர்த்து அரைத்தால் அதே பலன் வரும் என்று நினைத்துவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மருந்தா?

குடல் பாக்டீரியாவை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், இல்லை. குடல் கிருமிகள் குறைந்தால் தடுப்பு மருந்து நன்றாக வேலை செய்யுமா என்று அறிய, வேலூரில் 754 குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்துக்கு முன்பு அசித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள். குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன; தடுப்பு மருந்தின் பலன் கூடவில்லை. நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொட்டலங்களிலும் எச்சரிக்கை வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு அவற்றால் ஆபத்து நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் எச்சரித்தது.

ஆகவே, கடைச் சரக்கைத் தேடும் முன் கைவசம் உள்ளதைக் காப்பாற்றலாம். பிறந்தவுடன் சீம்பால், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பின் பருப்பும் காய்கறியும் முட்டையும் சேர்ந்த இணை உணவு. சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் தானாக ஆண்டிபயாடிக் வாங்கி ஊற்றக் கூடாது. அது நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழிக்கும். எடை ஏறாத குழந்தையை அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ காட்டுங்கள். தாய்க்கு வந்த பெட்டகத்தை வீட்டில் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளாமல் அவர் சாப்பிட விடுங்கள்.